எட்டாத அந்த ஒரு சாண்: ஏணி ஏறுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பெயிண்டிங் வேலையில் எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் ஏணியிலிருந்து ஒரே ஒரு தடவை விழுந்திருக்கிறேன். மூன்றாவது மாடியிலிருந்து இல்லை, எட்டடி உயரத்திலிருந்து. ஒரு சன்ஷேடுக்கு அடியில், மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பிரஷ் படாமல் நின்றது. இறங்கி ஏணியை நகர்த்தினால் இரண்டு நிமிடம். இடுப்பை வளைத்துக் கையை நீட்டினால் இரண்டு நொடி. நீட்டினேன். ஏணியின் ஒரு கால் தரையை விட்டு எழும்பியது உள்ளங்காலில் தெரிந்தது. அதற்குப் பிறகு யோசிக்க நேரமில்லை. எட்டடியிலிருந்து தரைக்கு வர 0.7 நொடிதான் ஆகும், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். நின்றபடியே விழுந்ததால் வலது குதிகால் எலும்பு உடைந்தது. மூன்று மாதம் வீட்டில் கிடந்தேன்.

மறுநாள் என் தம்பி போய் ஏணியை ஒன்றரை அடி நகர்த்தி வைத்து, அந்த இடத்தை ஒரே இழுப்பில் அடித்துவிட்டு வந்தான்.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏணி விபத்து மேலே நடப்பது போலத் தெரிந்தாலும், அது முடிவாவது தரையில். எந்த ஏணி, எங்கே வைத்தோம், எத்தனை தடவை இறங்கி நகர்த்தச் சோம்பல் இல்லாமல் இருந்தோம் என்பதில். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல், நீங்கள் முதல் படியில் கால் வைப்பதற்கு முன்னாலேயே போய்விடும்.

முதல் கேள்வி: ஏற வேண்டுமா?

ஒட்டடை அடிக்க நீளக் கம்பு இருக்கிறது. சீலிங்குக்கு ரோலரில் நீட்டுக் குழாய் மாட்டித் தரையில் நின்றே பெயிண்ட் அடிக்கலாம். மாங்காய்க்குத் துரட்டி, முருங்கைக்காய்க்கும் அதேதான். முருங்கை மரத்தில் ஏணியைச் சாத்தவே கூடாது. அந்தக் கிளை வளையாது, எச்சரிக்கையும் செய்யாது, பட்டென்று முறியும். வேதாளம் மட்டும்தான் அதில் ஏறலாம்.

ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், எவ்வளவு நேர வேலை என்று பாருங்கள். பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஹெச்.எஸ்.இ. என்ற அரசு அமைப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஓரிடத்தில் 30 நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டிய வேலை, அல்லது 10 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டிய வேலை என்றால் ஏணி சரிப்படாது, வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். அனுபவத்தில் எனக்கும் இது பொருந்தி வருகிறது. அரைமணி நேரம் ஒரே படியில் நின்றவனுக்கு உள்ளங்கால் மரத்துப்போகும், கெண்டைக்கால் நடுங்கும். வெளிச்சுவர் முழுக்கப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க ஏணியை நம்பும் மேஸ்திரி, சாரம் கட்டும் காசை மிச்சம் பிடிக்கிறார் என்று அர்த்தம். வீட்டுக்காரர்கள் கொட்டேஷன் வாங்கும்போதே "சாரம் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டுவிடுங்கள்.

செப்டிக் டேங்குக்குள் ஏணி இறக்கும் எண்ணமே வேண்டாம். அங்கே ஆளைக் கொல்வது விழுவது அல்ல, விஷவாயு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

எந்த ஏணி, எவ்வளவு உயரம்

நம் வீடுகளில் புழங்குவது இரண்டு வகை. சுவரில் சாத்தும் ஏணி ஒன்று, தானாக நிற்கும் மடக்கு ஏணி இன்னொன்று. நாற்காலிமேல் ஸ்டூல், கட்டில்மேல் முக்காலி, கவிழ்த்த பெயிண்ட் டப்பா எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் வீட்டில் விழுபவர்கள் பெரும்பாலும் அவற்றிலிருந்துதான் விழுகிறார்கள் என்பது, வீடு வீடாகப் போய் வேலை பார்க்கும் எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் பாட்டி குளிர்சாதனப் பெட்டிமேல் காலை ஊன்றிப் பரணிலிருந்து பாத்திரம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "நாப்பது வருஷமா இப்படித்தான் எடுக்கிறேன்" என்றார்.

உயரத்துக்கு ஒரு கணக்கு. அறை 10 அடி உயரம் என்று வையுங்கள். ஐந்தரை அடி ஆள் கையைத் தூக்கினால் ஏழடி எட்டும். ஆனால் எட்டினால் போதாது. ஃபேன் மாட்ட, ஸ்குரூ முடுக்க, கை முகத்துக்கு நேராகவோ தலைக்குச் சற்று மேலேயோ இருந்தால்தான் வேலை ஓடும். அதற்குத் தரையிலிருந்து நான்கடி மேலே நிற்க வேண்டும். மடக்கு ஏணியில் மேல் இரண்டு படியில் நிற்கக் கூடாது. எனவே ஏழு படி உள்ள ஏணி வேண்டும். கடையில் "வீட்டுக்கு அஞ்சு படி போதும் சார்" என்பார்கள். பரணுக்குப் போதும், ஃபேனுக்குப் போதாது.

எடைத் தாங்குதிறனும் ஏணியின் பக்கவாட்டில் ஸ்டிக்கராக இருக்கும், பொதுவாக 120 அல்லது 150 கிலோ என்று. அது உங்கள் எடைக்கு மட்டும் அல்ல. கையிலும் இடுப்பிலும் இருப்பது எல்லாம் சேர்த்து. முழு 20 லிட்டர் எமல்ஷன் பக்கெட்டே 25 கிலோவுக்கு மேல் வரும். 85 கிலோ ஆள் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினால் 110 கிலோ.

மூங்கிலா, அலுமினியமா, ஃபைபரா என்பது அடுத்தது. அலுமினியம் லேசு, துருப்பிடிக்காது, ஆனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எலக்ட்ரிக் வேலைக்கு ஃபைபர் ஏணிதான், அதுவும் சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தால்தான் பாதுகாப்பு. மூங்கில் காய்ந்திருந்தால் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது என்பது உண்மை. மழையில் நனைந்த மூங்கிலுக்கு அது பொருந்தாது. "மூங்கில்தானே" என்ற தைரியத்தில் மழைக்காலத்தில் கம்பிப் பக்கம் போனவர்கள் உண்டு.

ஏணியைப் படுக்கப்போட்டுப் பாருங்கள்

என் அப்பா புது ஏணியையும் சரி, வாடகை ஏணியையும் சரி, முதலில் தரையில் படுக்கப்போடுவார். ஒரு முனையில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கச் சட்டம் நேராக ஓடுகிறதா என்று பார்ப்பார். அப்புறம் ஒவ்வொரு படியையும் கையால் திருகிப் பார்ப்பார். சுழன்றால் அந்த ஏணி திரும்பக் கடைக்குப் போகும்.

அலுமினிய ஏணியில் முதலில் பார்க்க வேண்டியது காலில் மாட்டியிருக்கும் ரப்பர் புஷ். தேய்ந்து ஓரத்தில் உலோகம் எட்டிப் பார்த்தால், டைல்ஸ் தரையில் அது சறுக்குப்பலகைதான். நூறு, இருநூறு ரூபாய்ச் சமாச்சாரம், மாற்றிவிடுங்கள். அடுத்து ரிவெட்டுகள், படியும் சட்டமும் சேரும் இடத்தில் விரிசல், மடக்கு ஏணியின் நடுவே இருக்கும் விரிப்புப் பட்டை. வளைந்த அலுமினியத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி வேலைக்கு எடுக்கக் கூடாது. வளைந்த இடத்தில் அது ஏற்கெனவே பலம் இழந்துவிட்டது.

மூங்கிலில் நீளவாக்கில் ஓடும் வெடிப்பையும், கணுவுக்குப் பக்கத்தில் மாவு மாதிரி உதிரும் தூளையும் பாருங்கள். தூள் உதிர்ந்தால் உள்ளே பூச்சி அரித்திருக்கிறது. கயிற்றுக் கட்டு வெயிலில் காய்ந்து தளர்ந்திருக்கும், ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பாருங்கள். மரம், மூங்கில் ஏணிக்கு அழகாகப் பெயிண்ட் அடிக்காதீர்கள். பெயிண்ட்காரனே சொல்கிறேன், வெடிப்பு மறைந்துவிடும். நான் அடிப்பது கீழ்ப்படி ஒன்றுக்கு மட்டும், மஞ்சள் நிறம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காலை எங்கே ஊன்றுவது

"ஏணிக்கு உசுரு கால்லதான்டா" என்பார் அப்பா. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சாத்து ஏணிக்குக் கணக்கு நாலுக்கு ஒன்று. ஏணியின் தலை சுவரைத் தொடும் இடம் தரையிலிருந்து 12 அடி என்றால், கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். 16 அடிக்கு 4 அடி. கோணமாகச் சொன்னால் சுமார் 75 டிகிரி. அளவு நாடா தேவையில்லை. பெரும்பாலான ஏணிகளில் படிக்குப் படி ஏறக்குறைய ஓரடி இடைவெளி, எண்ணிக்கொள்ளலாம்.

இதைவிடச் சுலபமான ஒரு வழியும் இருக்கிறது. ஏணியின் காலை உங்கள் கால் விரல் தொடும்படி, சுவரைப் பார்த்து நிமிர்ந்து நில்லுங்கள். இரண்டு கையையும் தோள் உயரத்தில் நேராக நீட்டுங்கள். எதிரே இருக்கும் படியில் உள்ளங்கை சரியாகப் படிந்தால் சாய்வு சரி. முழங்கை மடங்கினால் ஏணி ரொம்ப நிமிர்ந்திருக்கிறது, மேலே போனதும் பின்னால் மல்லாந்துவிடும். எட்டவில்லை என்றால் ரொம்பச் சாய்ந்திருக்கிறது, கால் வழுக்கும்.

சாய்வு ஏன் இவ்வளவு முக்கியம்? 70 கிலோ ஆள் ஏணியின் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். 75 டிகிரியில் ஏணியின் காலை வெளியே தள்ளும் விசை சுமார் 19 கிலோ. அதே ஏணியை 60 டிகிரிக்குச் சாய்த்தால் 40 கிலோ. 45 டிகிரி என்றால் முழு 70 கிலோவும் காலைத் தரையோடு தரையாக இழுக்கும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த விசை நீங்கள் ஏற ஏறக் கூடும். பாதி ஏணியில் பாதிதான் இருக்கும். அதனால்தான் கீழே இரண்டு படி ஏறிக் குதித்துப் பார்த்து "அசையல, சரி" என்று முடிவு செய்வது ஏமாற்று. கீழே அசையாத ஏணி, நீங்கள் வேலையிடத்தை எட்டும் அந்த உயரத்தில்தான் வழுக்கும்.

தரையைப் பாருங்கள். வழுவழு டைல்ஸ், ஈர மொசைக், பாசி படிந்த சிமெண்ட் தரை மூன்றும் ஆபத்து. பலர் ஏணிக் காலுக்கு அடியில் சாக்கு, செய்தித்தாள், பழைய துணி போடுவார்கள், தரையில் கோடு விழாமல் இருக்க. துணியும் காகிதமும் டைல்ஸ்மேல் சக்கரம் மாதிரி. ரப்பர் மேட் ஒன்றைப் போட்டு, அதன்மேல் இரண்டு காலும் வரும்படி வையுங்கள்.

மண் தரை என்றால் ஒரு கால் மட்டும் புதையும். நீளப் பலகை ஒன்றைப் போட்டு, அதன்மேல் இரண்டு காலையும் ஊன்றுங்கள். தரை மேடுபள்ளமாக இருந்தால் தாழ்ந்த காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். வேண்டாம். மேடாக இருக்கும் பக்கம் மண்ணைச் சற்றுக் கொத்திச் சமமாக்குவது ஐந்து நிமிட வேலை. கேட்டுக்குப் பக்கத்தில், சாய்வான கார் பாதையில் மடக்கு ஏணியைப் போடுவதும் இதே தவறுதான்.

கதவுக்கு முன்னால் ஏணி போட நேர்ந்தால் கதவைப் பூட்டுங்கள், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் எப்போது வெளியே வருவார் என்று யாருக்கும் தெரியாது, முக்கியமாக அது குளியலறைக் கதவாக இருந்தால்.

தலை எங்கே சாய்கிறது

ஏணியின் தலை கெட்டியான இடத்தில் சாய வேண்டும். ஜன்னல் கண்ணாடி, பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய், மழைநீர்த் தகரம், கேபிள் வயர், ஆஸ்பெஸ்டாஸ் ஓரம் எதுவும் ஆகாது. மின்கம்பம், மரம் மாதிரி உருண்டையான இடத்தில் சாத்தினால் ஒரு சட்டம்தான் தொடும், ஏணி உருளும். அங்கே தலையைக் கயிற்றால் கட்டாமல் வேலையை ஆரம்பிக்கக் கூடாது.

மொட்டை மாடிக்கு ஏறுவதற்கு என்றால், ஏணி கைப்பிடிச் சுவருக்கு மேலே இன்னும் மூன்றடி நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் சுவரைத் தாண்டும் நேரத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில் கைப்பிடிச் சுவரின் உச்சி சுமார் 14 அடி. கால் மூன்றரை அடி தள்ளி, ஏணி 18 அடி. 15 அடி ஏணியை வைத்து அட்ஜஸ்ட் செய்தால் ஏறுவதற்குச் சரியாக இருக்கும். இறங்கும்போதுதான் கஷ்டம். முதுகு வெளிப்பக்கம், கால் கண்ணுக்குத் தெரியாத படியைத் தேடும், கை பிடிக்க ஒன்றும் இருக்காது.

இரண்டு பகுதியாகச் சறுக்கி நீளும் நீட்டு ஏணியில் அந்த இரண்டு பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது மூன்றடி ஏறி நிற்கட்டும். கொக்கி இரண்டும் படியில் உட்கார்ந்திருக்கிறதா என்று கீழிருந்தே ஒருமுறை பாருங்கள்.

கம்பியை மறக்காதீர்கள்

ஏணியைத் தூக்கி நிறுத்துவதற்கு முன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். இதைச் செய்யாததால் செத்தவர்கள் விழுந்து செத்தவர்கள் இல்லை. அலுமினிய ஏணியை நிமிர்த்தும்போதோ, நின்றபடியே நகர்த்தும்போதோ தெருக் கம்பியில் பட்டவர்கள்.

மின் விதிகளின்படி வீட்டுச் சுவருக்கும் பக்கவாட்டில் போகும் கம்பிக்கும் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். நம் தெருக்களில் பால்கனி நீட்டியும் மாடி எழுப்பியும் அது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். விதிப்படியே இருந்தாலும் அது கட்டடத்துக்கான கணக்கு, 5 மீட்டர் ஏணிக்கான கணக்கு அல்ல. ஏணி சாய்ந்தால் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் எட்டும் என்று மனதுக்குள் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். அந்த வட்டத்துக்கும் கம்பிக்கும் இடையே 3 மீட்டராவது இருக்கட்டும். இல்லையென்றால் வேலையை நிறுத்திவிட்டு மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள். தமிழ்நாட்டில் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. இன்னொன்று: வீட்டில் இருக்கும் கசிவுப் பாதுகாப்பு பிரேக்கர் தெருக் கம்பியிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. அது வீட்டு வயரிங்குக்கு மட்டும்தான் காவல்.

நீண்ட ஏணியைத் தூக்கிப்போகும்போது இரண்டு பேர், படுக்கைவாட்டில். நிறுத்தியபடி நடத்திக்கொண்டு போவது வேண்டாம்.

வீட்டுக்குள் ஃபேன், ட்யூப்லைட் வேலை என்றால் சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினை இறக்கி டெஸ்டர் வைத்துப் பாருங்கள். தரையில் நின்று வாங்கினால் "சுர்"ரென்று கையை உதறிவிட்டுச் சிரித்துவிடும் அளவுக்கு ஒரு ஷாக், ஆறாவது படியில் ஆளைக் கீழே தள்ளப் போதும்.

ஏறுவது, நிற்பது, எட்டுவது

இனி ஏறலாம். ஏணியைப் பார்த்தபடி ஏறுங்கள், ஏணியைப் பார்த்தபடியே இறங்குங்கள். இரண்டு கை, இரண்டு கால், இந்த நான்கில் மூன்று எப்போதும் ஏணியில் இருக்கட்டும். கையில் பொருள் இருந்தால் இது நடக்காது. ஆகவே கையில் எதுவும் வேண்டாம். சின்னச் சாமான்களுக்கு இடுப்புப் பை, பெயிண்டுக்குச் சின்ன வாளி, அதை மாட்ட எஸ் கொக்கி. பெரியது எதுவானாலும் மேலே போன பிறகு கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள்.

உடை பற்றி ஒன்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மடித்துக் கட்டிய லுங்கியும் தரையைத் தொடும் நைட்டியும் ஏணிக்கு ஆகாது. இறங்கும்போது குதிகால் அதை மிதிக்கும், படியை மிதித்ததாக உங்களுக்குத் தோன்றும். ஹவாய் செருப்பும் அப்படித்தான். எங்கள் ஆட்கள் பலர் வெறுங்காலில் ஏறுவார்கள், பிடிப்பு இருக்கும் என்று. கொஞ்ச நேரத்துக்குச் சரி. ஒரு நாள் முழுக்க உருண்டைப் படியில் நின்றால் பாதம் வலித்து, அந்த வலிக்காகவே ஆள் எடையை மாற்றி மாற்றி நிற்பான். சொரசொரப்பான அடிப்பாகம் உள்ள, கட்டக்கூடிய காலணிதான் நல்லது.

சாத்து ஏணியில் மேல் மூன்று படி ஏறுவதற்கு இல்லை, அவை கை பிடிக்க.

நிற்கும்போது தொப்புள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொப்புள் இரண்டு பக்கச் சட்டத்துக்கும் நடுவே இருக்கும்வரை ஏணி உங்கள் பக்கம். அது சட்டத்தைத் தாண்டினால் உங்கள் எடை ஏணியின் காலுக்கு வெளியே போகத் தொடங்குகிறது, மறுபக்கக் கால் எழும்பும். எனக்கு நடந்தது இதுதான். எட்டவில்லையா, இறங்கி நகர்த்துங்கள். ஒரு சாண் என்றாலும் இறங்குங்கள். மேலே நின்றபடியே ஏணியைக் குதித்துக் குதித்து நகர்த்தும் வித்தைக்காரர்களும் எங்கள் தொழிலில் உண்டு. அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

ஏணியில் நின்று டிரில்லிங் செய்யும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். பிட் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் சிக்கினால் மெஷின் உங்கள் மணிக்கட்டைத் திருகும், உடம்பு தானாகப் பின்னால் போகும். உங்கள் முழு பலத்தோடு சுவரைத் தள்ளினால், சுவரும் உங்களைத் தள்ளும். அதற்கு மேடை உள்ள ஏணியோ சாரமோதான் தோது.

"ஏணியைப் பிடிச்சுக்கோ" என்று பையனை நிறுத்துவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. இரண்டு நிமிடத்தில் அவன் கை ஏணியிலும் கண் போனிலும் இருக்கும். ஆள் பிடிப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஏணியின் தலையைக் கட்டுவது முதல், காலை எதிலாவது கட்டி நிறுத்துவது அடுத்தது, ஆள் கடைசி. அப்படி நிற்பவரும் இரண்டு கையால் இரண்டு சட்டத்தைப் பிடித்து, ஒரு காலைக் கீழ்ப்படியில் அழுத்தி நிற்க வேண்டும். ஏணிக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஸ்குரூடிரைவர் மூக்கில் விழும்.

இறங்கும்போது அந்த மஞ்சள் படிக்கு வருகிறோம். வேலை முடிந்த நிம்மதியில், தரை வந்துவிட்டதாக நினைத்து இரண்டாவது படியிலிருந்தே காலைப் பின்னால் வைப்பவர்கள் நிறைய. கணுக்கால் பிசகும். மஞ்சள் கண்ணில் பட்டால் இன்னும் ஒன்று பாக்கி என்று தெரியும்.

மடக்கு ஏணியும் பரணும்

மடக்கு ஏணியை முழுக்க விரித்து, நடுப்பட்டை "டக்" என்று பூட்டிய பிறகே ஏற வேண்டும். மடக்கிய நிலையில் சுவரில் சாத்தி ஏறக் கூடாது. வேலை முகத்துக்கு நேரே இருக்கும்படி ஏணியைத் திருப்பிப் போடுங்கள். பக்கவாட்டில் போட்டு இடுப்பைத் திருப்பி வேலை செய்தால், பக்கவாட்டில்தான் அது கவிழும். பின்பக்கக் குறுக்குக் கம்பிகள் படி அல்ல, அவை ஆள் எடைக்கு வைத்தவை அல்ல.

நவராத்திரிக்குக் கொலுப்பெட்டி இறக்குவதும், ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிப்பதும், பொங்கலுக்கு வெள்ளையடிப்பதும் மூன்று நான்கு மாதத்துக்குள் வரிசையாக வரும். பரணில் இருந்து பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, காலால் படியைத் தேடி இறங்குவதுதான் வீட்டில் நான் பார்த்ததிலேயே பயங்கரமான காட்சி. கீழே ஒருவர் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். ஆளில்லையென்றால் பெட்டியை மேலேயே திறந்து, பொம்மைகளைப் பையில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். நேரமாகும், ஆகட்டும். விரதம் இருக்கும் நாளில், பி.பி. மாத்திரை மாற்றிய வாரத்தில், இரவு தூக்கம் கெட்ட காலையில் ஏற வேண்டாம். அண்ணாந்து பார்த்தபடி வேலை செய்தாலே சிலருக்குத் தலை சுற்றும்.

ஃபேன் கழற்ற எப்போதும் இரண்டு பேர். நான்கைந்து கிலோவை ஒரு கையில் தாங்கிக்கொண்டு மறு கையால் போல்ட்டைத் திருகுவது சர்க்கஸ்.

மாடியில் தொட்டிக்கு

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற, சுவரோடு பதித்த இரும்பு ஏணி பல வீடுகளில் இருக்கும். யாரும் அதைக் கவனிப்பதே இல்லை. தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் அதன் மேலேயே ஓடும், கான்கிரீட்டுக்குள் போகும் இடத்தில் துரு அரிக்கும். பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. வருஷத்துக்கு ஒருமுறை அந்த அடிப்பகுதியைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டாலோ துருப் பட்டை உதிர்ந்தாலோ வெல்டரைக் கூப்பிடுங்கள்.

இங்கே விழுந்தால் மொட்டை மாடியில்தான் விழுவோம் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. தொட்டி கைப்பிடிச் சுவருக்கு ஓரமாக இருந்தால், விழுவது மாடியில் அல்ல, தெருவில். காற்று பலமாக வீசும் ஆடி மாதத்தில் தொட்டி கழுவும் வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

வேலையிடத்தில்

ஏணிக்கு என்றே இந்தியத் தரநிலை இருக்கிறது, ஐ.எஸ். 3696, 1991இல் வந்த அதன் இரண்டாம் பகுதி. பெரிய சைட்டில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவர் பார்த்துக்கொள்வார். பிரச்சினை எங்களைப் போல மூன்று நான்கு பேராக வேலை செய்பவர்களிடம்தான்.

நான் என் ஆட்களிடம் வைத்திருக்கும் விதிகள் கொஞ்சம்தான். காலையில் ஏணியை முதலில் எடுப்பவன்தான் அதைச் சோதிப்பவன். பழுதான ஏணியில் சிவப்புத் துணி கட்டி, சாயங்காலமே ஏணியையே அறுத்துப் போட்டுவிடுவோம். "ஓரமா வை" என்றால் அடுத்த வாரம் யாராவது எடுப்பார்கள். ஒரு ஏணியில் ஒரு ஆள். நடைபாதையில் ஏணி போட்டால் இரண்டு பக்கமும் பக்கெட் வைத்துக் கயிறு கட்டு. சேஃப்டி பெல்ட் போட்டால் கொக்கியை ஏணியில் மாட்டாதே, ஏணி விழும்போது பெல்ட்டும் சேர்ந்துதான் விழும். கட்டடத்தில் அசையாத ஒன்றில் மாட்டு.

கூடவே ஒன்று. பெயிண்டர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம், வயது 18 முதல் 60 வரை. நான் விழுந்தபோது பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தேன். அந்த மூன்று மாதமும் மனைவியின் நகை அடகில்தான் ஓடியது.

விழுந்துவிட்டால்

விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்து சோடா கொடுப்பது நம் பழக்கம். அது வேண்டாம். கழுத்து, முதுகு வலிக்கிறது என்றாலோ, கை கால் மரத்திருக்கிறது என்றாலோ அசைக்காமல் அப்படியே விட்டு 108ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டவர் "ஒண்ணுமில்ல" என்று எழுந்து நடந்தாலும், பிறகு வாந்தி, மயக்கம், குழறல் வந்தால் நேரே ஆஸ்பத்திரிதான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. நின்றபடி விழுந்து குதிகால் உடைந்தால் முதுகெலும்பையும் பார்க்கச் சொல்லுங்கள், ஒரே அடியில் இரண்டும் போவது உண்டு. எனக்கும் முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் விட்டார்கள்.

கம்பியில் பட்டு விழுந்தவரை மின்சாரம் நின்றது உறுதியாகும்வரை தொடாதீர்கள். ஏணியையும்.

வேலை முடிந்த பிறகு

ஏணியைப் படுக்கவைத்து, நிழலில், தரையைத் தொடாமல் இரண்டு மூன்று இடத்தில் கொக்கி போட்டு மாட்டுங்கள். மூங்கில் ஏணி மழையில் நனைந்தால் நிழலில் காயவிடுங்கள், வெயிலில் போட்டால் வெடிக்கும். சுவரில் சாத்தியபடியே விட்டுவிட்டுப் போனால் முதலில் ஏறுவது பக்கத்து வீட்டுக் குழந்தை, அடுத்தது திருடன். ஒரு சங்கிலி, ஒரு பூட்டு போதும். சாவியை மட்டும், ஏணி போட்டுத்தான் எடுக்க முடியும் என்கிற அலமாரி உச்சியில் வைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அது நடந்திருக்கிறது.